ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, பணம் எப்படிப் போனது?

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். போன மாதம் வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. வங்கி வழக்கமாக அனுப்பும் செய்திகளுக்குக் கீழேயே, அதே வரிசையில் இதுவும் இருந்தது. விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் இன்று இரவோடு கணக்கு முடக்கப்படும் என்று சொல்லி ஒரு லிங்க் கொடுத்திருந்தார்கள். திறந்தால் எங்கள் வங்கியின் பக்கம்தான் வந்தது. பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டேன். ஓடிபி வந்தது, அதையும் போட்டேன். 'நேரம் முடிந்துவிட்டது, வேறு எண் அனுப்பியிருக்கிறோம்' என்றது. இரண்டாவதையும் போட்டேன். பத்து நிமிடத்தில் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. வங்கியில் கேட்டால், 'ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் பொறுப்பு' என்கிறார்கள். 'யார்கிட்டயும் ஓடிபி சொல்லாதீங்கப்பான்னு எத்தனை தடவை சொன்னேன்' என்று மகள் கோபப்படுகிறாள். சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டேன். அப்படியானால் அந்த ஓடிபி எதற்குத்தான் இருக்கிறது? கைரேகை, பாஸ்கீ என்று மகள் ஏதேதோ சொல்கிறாள். கைரேகையை வங்கியிடம் கொடுப்பது இதைவிட ஆபத்தில்லையா? பேசாமல் நெட் பேங்கிங்கையே விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. 'பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டேன்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. மாற்றியது நல்லதுதான், ஆனால் போதாது. விளக்கமெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் வங்கிக்குப் போன் போடுங்கள். எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் மேலே வருவது மோசடிக்காரர் போட்டுவைத்த எண்ணாகவும் இருக்கலாம். கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கூப்பிடுங்கள். உங்கள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள், அதாவது போன்கள், கணினிகள், பதிவாகியிருக்கின்றன என்று கேட்டு, உங்களுடையதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். பணம் பெறுவோர் பட்டியலில் புதிய பெயர் சேர்ந்திருக்கிறதா, தொலைபேசி எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ மாறியிருக்கிறதா, பரிமாற்ற உச்சவரம்பை யாராவது கூட்டியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், உங்களிடம் அவர்கள் வாங்கியது ஒரு ஓடிபி இல்லை, இரண்டு. வங்கி மோசடிப் பிரிவில் பல வருடம் புகார்களைப் படித்துக் காலம் தள்ளியவன் நான். 'நேரம் முடிந்துவிட்டது' என்ற அந்த வாக்கியம் எத்தனையோ புகார்களில் வரும். நேரம் எதுவும் முடிந்திருக்காது. முதல் எண் ஒரு வேலைக்கு, இரண்டாவது வேறு வேலைக்கு. பெரும்பாலும் முதல் எண்ணை வைத்து உங்கள் கணக்கை அவர்களுடைய போனில் பதிவு செய்துகொள்வார்கள். இரண்டாவதை வைத்துப் பணத்தை நகர்த்துவார்கள். பதிவான கருவி பாஸ்வேர்டை மாற்றினாலும் பல வங்கிகளில் பதிவாகவே இருக்கும். பூட்டை மாற்றினீர்கள், திருடன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது வங்கியின் பக்கத்தைப் போலவே செய்து வைத்த ஒரு திரை. அதற்குப் பின்னால் ஒரு ஆளோ ஒரு புரோகிராமோ உண்மையான வங்கித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. நீங்கள் இங்கே தட்டிய பெயரும் பாஸ்வேர்டும் அடுத்த நொடியே அங்கே தட்டப்பட்டன. உண்மையான வங்கி, உண்மையான ஓடிபியை, உங்களுடைய எண்ணுக்குத்தான் அனுப்பியது. நீங்கள் அதைப் போலித் திரையில் போட்டீர்கள், அது அங்கே போய்ச் சேர்ந்தது. வங்கியின் கணினியைப் பொறுத்தவரை எல்லாமே சரியாக நடந்தது. சரியான பாஸ்வேர்டு, சரியான ஓடிபி, சரியான நேரம்.

அந்த எஸ்எம்எஸ் வங்கியின் வரிசையிலேயே வந்ததும் பெரிய மந்திரமில்லை. எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயர் என்பது, பல இடங்களில், அனுப்புகிறவர் எழுதிக் கொடுக்கும் சில எழுத்துகள் மட்டுமே. ஒரே பெயரில் வரும் செய்திகளை எல்லாம் போன் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஒரே வங்கியின் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இதே மாதிரி எஸ்எம்எஸ்ஸை நம்பிப் பணத்தை இழந்தார்கள். அடுத்த மாதமே அந்நாட்டு வங்கிகள் எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் லிங்க் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்றும், புதிய போனில் கணக்கைப் பதிவு செய்தால் அது உயிர்பெற குறைந்தது 12 மணி நேரமாவது ஆக வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். உங்கள் வங்கியில் அந்த 12 மணி நேரம் இருந்திருந்தால், இரண்டாவது ஓடிபிக்கு வேலையே வந்திருக்காது.

உங்கள் மகளிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பொய் சொல்லவில்லை அம்மா. அவரைப் பொறுத்தவரை ஓடிபியை வங்கியிடம்தான் கொடுத்தார். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரையில்தான் ஓட்டை இருக்கிறது. அது போனில் குரலைக் கேட்டு எண்ணை ஒப்பிக்கிறவர்களைக் காப்பாற்றும். திரையில் தட்டுகிறவர்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் தட்டுகிறவருக்கு 'யாரிடமோ சொல்கிறோம்' என்ற உணர்வே வராது. வாடிக்கையாளரை அடையாளம் காண வங்கிகள் இத்தனை வருடமாக விதவிதமான ஏற்பாடுகளைச் செய்து வந்திருக்கின்றன. வங்கியை வாடிக்கையாளர் அடையாளம் காண என்ன ஏற்பாடு என்று கேட்டால், முகவரிப் பட்டையில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று கண்ணால் உற்றுப் பார்ப்பது ஒன்றைத்தான் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். அதுவும் போன் திரையில், பாதி மறைந்துபோன முகவரியில்!

ஓடிபி எதற்கு இருக்கிறது என்று கேட்டீர்கள். அது வீண் இல்லை. பாஸ்வேர்டு மட்டும் இருந்த காலத்தில், வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டை எடுத்து வந்து வங்கியில் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் கதவு திறந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றோடு உங்கள் கையில் இருக்கும் ஒன்றையும் கேட்பது அந்தத் திருட்டை வெகுவாகக் குறைத்தது. ஆனால் நடுவில் ஒருவன் நின்று இரண்டையும் உடனுக்குடன் கடத்தினால் இது எடுபடாது. இதைப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே எழுதிவிட்டார். அடுத்த வருடமே, நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறும் சாவிக்கொத்துக் கருவி வைத்திருந்த வங்கி வாடிக்கையாளர்களையும் போலித் தளம் வைத்து இப்படியே ஏமாற்றினார்கள். ஆக, உங்களுக்கு நடந்தது பழைய தந்திரம்தான்.

பிரச்சினையின் வேரை ஒரு கையெழுத்தை வைத்துச் சொல்லலாம். ஆறு இலக்க எண் ஒன்றைத் தட்டும்போது நீங்கள் 'சரி' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். எந்தத் தாளில்? அந்த எண்ணில் தொகையும் இல்லை, வாங்குகிறவர் பெயரும் இல்லை, எந்தத் தளத்தில் போட வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து மாதிரி, கையில் கிடைத்தவன் மேலே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எந்த அடையாளச் சோதனையையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: இது எந்த இடத்துக்கும் எந்தக் காரியத்துக்கும் கட்டுப்பட்டது?

காரியத்தோடு கட்டுவதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இணையத்தில் பணம் அனுப்பும்போது உருவாகும் அங்கீகாரக் குறியீடு அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே செல்லுபடியாக வேண்டும். இரண்டில் எது மாறினாலும் குறியீடு செத்துவிடும். அந்த இரண்டு விவரங்களையும் வாடிக்கையாளர் கண்ணில் காட்டவும் வேண்டும். பல நாடுகளில் ஓடிபி எஸ்எம்எஸ்ஸிலேயே 'இன்னாருக்கு இவ்வளவு அனுப்ப' என்று எழுதி வருவதும் இந்த எண்ணத்தில்தான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணை மட்டும் பார்க்கிறோம். சில போன்கள் செய்தியைத் திறக்காமலேயே எண்ணைப் பிடுங்கி மேலே காட்டிவிடுகின்றன, படிக்கிற வாய்ப்பும் போய்விடுகிறது. இது வசதி என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை, எனக்கு அதில் உடன்பாடில்லை. இனிமேல் ஓடிபி வந்தால் முழுச் செய்தியையும் வாய்விட்டுப் படியுங்கள். 'புதிய கருவியைப் பதிவு செய்ய', 'புதிய பெறுநரைச் சேர்க்க' என்று இருந்தால், நீங்கள் அந்த நேரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்களா என்று பாருங்கள். எதற்கு என்றே எழுதாமல் எண் மட்டும் அனுப்பும் வங்கியானால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, அது உங்கள் கதையில் வரவில்லை என்றாலும் தெரிந்திருக்கட்டும். எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கு வருவதாக நினைக்கிறோம், உண்மையில் அது உங்கள் எண்ணுக்கு வருகிறது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணில் வேறொருவன் புது சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவன் போனுக்குப் போய்விடும். அதைத்தான் சிம் மாற்று மோசடி என்கிறார்கள். 2017-ல் ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போய், தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய வலையமைப்பிலேயே புகுந்து வங்கி எஸ்எம்எஸ்களைத் திருப்பிவிட்டது வெளியே வந்தது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் எஸ்எம்எஸ் வழி உறுதிப்படுத்தலைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டியவற்றில் சேர்த்தது. காரணமே இல்லாமல் உங்கள் போனில் சிக்னல் மொத்தமாகப் போய் நெடுநேரம் திரும்பவில்லையென்றால், 'அப்புறம் வரும்' என்று இருக்காதீர்கள். வேறு போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலிகள் இருக்கின்றன. அவை சிம் தொல்லையைத் தீர்க்கும், உங்களுக்கு நடந்ததைத் தீர்க்காது. ஆள் பார்த்துத் தட்டும் எந்த எண்ணையும் போலித் தளத்திலும் தட்ட வைக்கலாம், 30 நொடி அவர்களுக்குத் தாராளம்.

இங்கேதான் உங்கள் மகள் சொல்லும் பாஸ்கீ வருகிறது. அவள் சொல்வது சரி. பாஸ்கீ உண்டாக்கும்போது உங்கள் போன் ஒரு ஜோடிச் சாவியைத் தயாரிக்கும். ஒன்று வங்கிக்குப் போகும், அது எல்லோருக்கும் தெரிந்தாலும் பரவாயில்லாத சாவி. இன்னொன்று ரகசியச் சாவி, அதை வங்கிகூடப் பார்ப்பதில்லை. நீங்கள் உள்ளே நுழையும்போது வங்கி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புதிரை அனுப்பும், போன் அதை ரகசியச் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும், வங்கி தன்னிடம் இருக்கும் சாவியை வைத்து அதைச் சரிபார்க்கும். நீங்கள் தட்டுவதற்கு எண்ணே கிடையாது, ஆகவே கடத்துவதற்கும் ஒன்றும் கிடையாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. சாவி எந்தத் தளத்தில் உண்டானதோ அந்த முகவரியோடு பிணைந்திருக்கும். ஒரு எழுத்து மாறிய போலி முகவரியில் உங்கள் கண் ஏமாறலாம், மனம் பதறலாம். போனுக்குப் பதற்றம் கிடையாது. 'இந்த முகவரிக்கு என்னிடம் சாவி இல்லை' என்று சும்மா இருந்துவிடும். வங்கியை வாடிக்கையாளர் அடையாளம் காண ஏற்பாடு இல்லை என்றேனே, அந்த வேலையை இது உங்களுக்காகச் செய்துவிடுகிறது. இதற்கான இணையத் தரநிலை 2019-ல் முடிவானது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-ல் இதற்கு ஆதரவை விரிவாக்குவதாக அறிவித்த பிறகுதான் சாதாரண போன்களில் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது.

கைரேகையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். நியாயமான பயம், ஏனென்றால் பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆனால் பாஸ்கீயில் கைரேகை வங்கிக்குப் போவதே இல்லை. அது போனுக்குள்ளேயே, தனியாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியில், உங்கள் விரலிலிருந்து எடுத்த சில அளவுகளாக இருக்கும். 'விரல் பொருந்துகிறது' என்று போன் தனக்குத்தானே உறுதி செய்துகொண்டு ரகசியச் சாவியை எடுக்கும், அவ்வளவுதான். இதில் நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது போனின் பூட்டு எண். கைரேகை படியாவிட்டால் போன் அந்த எண்ணைக் கேட்கும், ஆகவே அது தெரிந்தவர் எவரும் உங்கள் விரல்தான். பிறந்த வருடத்தையோ 1234-ஐயோ வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பாஸ்கீ உங்கள் மற்ற கருவிகளுக்கும் தானாகப் போய்ச் சேரும்படி அமைந்திருந்தால், அந்த ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கும் வங்கி லாக்கர் மாதிரிதான், அதையும் கெட்டியாகப் பூட்ட வேண்டும். வங்கிக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலும் அப்படியே. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டினால் பல இடங்களில் புதுச் சாவி அங்கேதான் வந்து விழுகிறது.

வங்கியில் பாஸ்கீ இருக்கிறது என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: 'போன் தொலைந்தால் எப்படி உள்ளே வருவது?' பழையபடி எஸ்எம்எஸ் ஓடிபி என்று பதில் வந்தால், முன்வாசலுக்கு இரும்புக் கதவும் கொல்லைப்புறத்துக்குத் தட்டியும் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருடன் தட்டியைத்தான் தேடி வருவான். பாஸ்கீ இல்லாத வங்கியானால், வங்கியின் செயலிக்குள்ளேயே தொகையையும் பெயரையும் காட்டி ஒப்புதல் கேட்கும் வசதி அடுத்தபடியாக நல்லது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேலாளர் செயலியும் ஒரு வகையில் உதவும். போலித் தளத்தில் அது பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. நிரப்பவில்லையே என்று நீங்களாகத் தேடித் தட்டாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு இடம் திறந்தே இருக்கும், அதை மறைத்துச் சொன்னால் நான் நல்ல ஆலோசகன் இல்லை. 'உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்' என்று ஒருவன் அதிகாரக் குரலில் பேசி உங்கள் கையாலேயே பணத்தை அனுப்ப வைத்தால், அனுப்புவது நீங்கள்தான், விரலும் உங்களுடையதுதான். எந்த அடையாளச் சோதனையும் அங்கே பிடிக்காது. அப்படி ஒரு 'பாதுகாப்பான கணக்கு' எந்த வங்கியிலும் கிடையாது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே வகை, உங்கள் ஓடிபியை அவன் உங்களோடு சேர்ந்து படித்துக்கொண்டிருப்பான். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கூப்பிட்டு, 'உறுதி செய்ய உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்' என்றால், கூப்பிட்டது அவர், அடையாளம் காட்ட வேண்டியதும் அவர். 'நானே கூப்பிடுகிறேன்' என்று வைத்துவிட்டு, கார்டில் இருக்கும் எண்ணைப் போடுங்கள். உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நெட் பேங்கிங்கை விட்டுவிட வேண்டாம். கணக்கில் என்ன நடக்கிறது என்று உடனே தெரிவதே உங்களுக்கு ஒரு காவல். அனுப்பும் வசதியை மட்டும் சுருக்குங்கள். அன்றாடச் செலவுக்கு ஒரு சிறிய கணக்கு வைத்து அதை மட்டும் போனோடு இணையுங்கள். சேமிப்பு இருக்கும் கணக்கில் பரிமாற்ற உச்சவரம்பை வங்கி அனுமதிக்கும் கடைசி அளவுக்குக் குறைத்து, எவ்வளவு சிறிய தொகை போனாலும் அறிவிப்பு வரும்படி வையுங்கள். அவசரத்துக்கு உச்சவரம்பைக் கூட்ட ஒரு நாள் ஆகும் என்றால், அந்த ஒரு நாள் உங்களுக்குத்தான் நல்லது.

கடைசியாக, 'ஓடிபி சரியாகப் போடப்பட்டது, நீங்கள்தான் பொறுப்பு' என்று வங்கி சொன்னது. நஷ்டத்தை யார் ஏற்க வேண்டும் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தாமே அனுப்பிய பணத்துக்குக்கூட, ஒரு வரம்புக்குள், வங்கிகள் ஈடு தர வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆனாலும் வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கருவியிலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து (அந்தக் கருவியின் இணைய இணைப்புக்கான எண்) அந்தப் பரிமாற்றம் நடந்தது? இதற்கு முன் அந்தக் கருவி என் கணக்கில் இருந்ததா? புதிய கருவி, புதிய பெறுநர், வழக்கத்துக்கு மாறான தொகை, மூன்றும் பத்து நிமிடத்துக்குள் ஒன்றாக வந்தபோது உங்கள் கண்காணிப்பு ஏன் நிறுத்திக் கேட்கவில்லை? எனக்கு அனுப்பிய இரண்டு ஓடிபி செய்திகளிலும் எதற்கான எண் என்று எழுதியிருந்ததா? பதிலில் திருப்தி இல்லையென்றால் வங்கியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அதற்கும் மேலே உங்கள் நாட்டில் வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். காவல்துறைப் புகாரின் நகலையும் சேர்த்து வையுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று இந்த நாட்களில் யாராவது கூப்பிட்டால், அது பெரும்பாலும் அதே கூட்டம்தான், அல்லது அவர்களிடம் உங்கள் எண்ணை வாங்கிய வேறு கூட்டம்.

அந்தப் போலி எஸ்எம்எஸ்ஸும் இரண்டு ஓடிபி செய்திகளும் உங்கள் போனில் இன்னும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம் தெரிகிற மாதிரி மூன்றையும் இன்றைக்கே படமெடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள். இரண்டாவது ஓடிபி செய்தியின் முழு வாசகத்தையும் எனக்கு எழுதுங்கள், எண்ணை மட்டும் விட்டுவிட்டு.